அலெக்சாந்தரின் குரல்

அலெக்சாந்தராக நடிப்பதற்கு எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. பாரசீக மந்திரிக்கு ஆள் இருந்தது. தளபதிகளுக்கு இருந்தது. குதிரையின் முன்காலாகவும் பின்காலாகவும் வரக்கூட இரண்டு பேர் கை உயர்த்தினார்கள். அரசனுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. வசனம் அதிகம்; ஒரு சனிக்கிழமையும் ஒத்திகைக்குத் தவறக்கூடாது என்று நான் வேறு சொல்லிவிட்டேன்.

நாடகத்தை எழுதியது நான்தான். ஊரில், யாழ்ப்பாணத்தில், வரலாறு படிப்பித்தவள். நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்தபிறகு ஏவன்டேலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பாலர் நிலையத்தில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் சங்கத்தின் கலைவிழாவில் வருடாவருடம் ஒரு தமிழ் மன்னன் மேடையேறுவான். இங்கே பிறந்த பிள்ளைகள் கடைசி வரிசையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறையாவது அவர்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்று குழுவில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் விசாரித்தேன். "அலெக்சாண்டரைப் போடுங்கோ, அம்மா" என்றாள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

போரைக் காட்ட எனக்கு விருப்பம் இருக்கவில்லை. போர் எங்களுக்குப் போதும். அவன் போனபிறகு என்ன மிஞ்சியது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மாசிடோனியாவிலிருந்து புறப்பட்டுப் பாரசீகத்தை விழுங்கிச் சிந்து நதியையும் தாண்டி வந்தவன், இளம் வயதிலேயே பாபிலோனில் காய்ச்சலில் படுத்துச் செத்துப்போனான். பேரரசைத் தளபதிகள் பிய்த்துக்கொண்டார்கள். ஆனால் அவன் மொழி இருந்துவிட்டது. நடு ஆசியாவில் ஆமூ நதிக்கரையில் கிரேக்க நாடக அரங்கு எழும்பியது. காந்தாரத்துப் புத்தருக்குக் கிரேக்க மடிப்பு வைத்த ஆடை வந்தது. அசோகன் கந்தகாரில் தன்னுடைய அறத்தைப் பாறையில் கிரேக்க மொழியிலும் வெட்டவேண்டியிருந்தது. எகிப்தில் அவன் பெயரால் நின்ற துறைமுகத்திலிருந்து மிளகுக்காக நம் கரைக்கு வந்தவர்களைத்தான் நம்முடைய பழைய பாட்டுகள் யவனர் என்றன.

"கிரேக்கப் பண்பாடு எங்கும் பரவியது." ஊரில் எத்தனையோ முறை இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரவியது. எண்ணெய் பரவுவதுபோல, வெளிச்சம் பரவுவதுபோல. யார் பரப்பினார்கள், யாரை என்ன செய்து பரப்பினார்கள் என்று அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்லவைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நாடகத்தின் நடுவில் முழந்தாளிடும் காட்சியை வைத்தேன்.

அது உண்மையாக நடந்த விஷயம். பாரசீகத்தை வென்றபின், அந்த நாட்டு வழக்கப்படி எல்லோரும் தன் முன்னால் விழுந்து வணங்கவேண்டும் என்று அலெக்சாந்தருக்கு ஆசை வந்தது. கிரேக்கர்கள் தெய்வத்துக்கு மட்டும் செய்கிற வணக்கம் அது. அவனுடைய படையோடு கூடவே போய் எல்லாவற்றையும் எழுதிவந்த வரலாற்றாசிரியன் மாட்டேன் என்று நின்றான். பிறகு வேறொரு குற்றத்தைச் சுமத்தி அவனைப் பிடித்தார்கள். காவலில் செத்தான். எப்படிச் செத்தான் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவித்தலைப் பார்த்து, ஒக்லாந்தின் தெற்கே இருக்கும் பாபகூராவிலிருந்து ஒருவர் அழைத்தார். அங்கே ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பக்கத்து ஆள்தான், ஆனால் எங்களில் யாருக்கும் அவரைப் பழக்கம் இல்லை. நாலைந்து நாடு சுற்றி இங்கே வந்து தனியாக இருந்தார். ரயிலில் வந்து இறங்கினார். நல்ல உயரம். நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, "டீச்சர், எனக்கு நடிக்கத் தெரியாது. பாடமாக்க மட்டும் தெரியும்" என்றார். மெல்லிய குரல். அரசனுக்கு அந்தக் குரல் காணாது என்று நினைத்தேன். ஆனால் வேறு ஆள் இல்லை.

ஒத்திகை மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். குளிர்காலம். கூரையில் மழை, பின்னால் ரயில் பாதை. ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் போனது. தளபதிகள் எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்களாகவும், பாரசீகர்கள் எல்லோரும் தமிழ்நாட்டு ஐ.டி. பிள்ளைகளாகவும் அமைந்துவிட்டார்கள். கிரேக்கர்கள் "ஓம்" என்றார்கள், பாரசீகர்கள் "ஆமா" என்றார்கள். மூன்றாம் நாலாம் வாரத்தில், மந்திரியாக நடித்த கோயம்புத்தூர்த் தம்பி தன்னை அறியாமலே "ஓம் அரசே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களாக்கா, பரவிடுச்சு" என்றான்.

நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட "ஆமா" சொல்லப் பழகவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

வரலாற்றாசிரியனாக நடித்த மாணவனுக்கு வேலை நேரம் மாறியதால் அவன் விலகிக்கொண்டான். என் கணவரைக் கேட்டேன். அவர் கண்ணாடி வில்லை வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். நாள் முழுவதும் மெசினோடு இருப்பவர், கூட்டத்தில் பேச விரும்பாதவர். "நாலு வசனம்தானே, நிண்டு சொல்லிப்போட்டு வாறன்" என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை முதன்முறையாக என்னோடு மண்டபத்துக்கு வந்தார். பாபகூராக்காரரும் அவரும் தலையசைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை.

காட்சி தொடங்கியது. அரசன் மேசைமேல் வைத்த கதிரையில் இருக்கிறான். மந்திரிகள் விழுந்து வணங்குகிறார்கள். வரலாற்றாசிரியன் மட்டும் நிற்கிறான். அரசன் சொல்லவேண்டிய வசனம்: "மண்டியிடு. இனி உலகுக்கெல்லாம் ஒரே வணக்கம்." பாபகூராக்காரர் அதை வழக்கம்போலப் பக்திப் பாட்டுச் சொல்வதுபோல் சொன்னார்.

"கொஞ்சம் அதிகாரமாச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "நீங்கள் உலகத்தையே பிடிச்ச ஆள். எதிர்த்து நிக்கிறவனுக்குச் சொல்லுறியள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"முழங்காலில இரு" என்றார். "தலை நிலத்தில. உனக்கு இனிப் பேர் இல்லை."

அது அதுவரை நாங்கள் கேட்ட குரல் அல்ல. உரத்த குரலும் அல்ல. அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல், நூறு முறை சொல்லிச் சலித்துப்போன ஒருவன் சொல்வதுபோல வந்தது. அடடா, அரசன் கிடைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போதுதான் என் கணவரைப் பார்த்தேன். நிற்கவேண்டியவர் முழங்காலில் இருந்தார். எப்போது இறங்கினார் என்று நான் காணவில்லை. நெற்றி பலகைத் தரையில் இருந்தது. இரண்டு கைகளும் பிடரியில் விரல் கோத்திருந்தன. அந்தக் கைகளை அப்படி வைக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மந்திரி கை தட்டினான். "சூப்பர்ண்ணா! செம்ம ஆக்டிங்! ஆனா ஸ்கிரிப்ட்படி நீங்க நிக்கணும்ல?" தளபதிகளும் தட்டினார்கள். என் கணவர் எழும்பவில்லை. கை தட்டல் ஓய்ந்தபிறகும் அப்படியே இருந்தார். நான் கிட்டப்போய்த் தோளைத் தொட்டேன். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டால் அதிர்வது போல உடம்பு அதிர்ந்தது.

கதிரையில் இருந்தவர் இறங்கிவிட்டார். அவர் என் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பிடரியில் கோத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "டீச்சர், வசனத்தை மாத்திப்போட்டன். மன்னிக்கோணும்" என்றார், பழைய மெல்லிய குரலில். கதிரையில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர்தான் கார் ஓட்டினார். ஏவன்டேல் குதிரைப்பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் காரை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் குரல்" என்றார்.

ஊரில் பலவிதமான ஆட்கள் துப்பாக்கி வைத்திருந்த காலத்தில், இவரை ஒருமுறை பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போதே சொன்னார்கள். "பிடிச்சவங்கள், பிறகு விட்டிட்டாங்கள்" என்ற அளவுக்கு மேல் அவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று காரில் வைத்துச் சொன்னார். கைவிடப்பட்ட ஓர் அரிசி ஆலை. கண்ணைக் கட்டியிருந்தார்கள். யாரையும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு குரல். முழங்காலில் இரு, தலை நிலத்தில், உனக்கு இனிப் பேர் இல்லை.

"அதே சொல்லா?" என்று கேட்டேன்.

"அதே சொல். அதே இழுவை. 'நிலத்தில' எண்டுறதுக்கு முன்னால அதே நிப்பாட்டு."

"போலீசிட்டப் போவமோ?"

"என்னத்தைச் சொல்லுறது? நாடகத்தில வசனத்தைப் பிழையாச் சொல்லிப்போட்டார் எண்டோ?"

நாடகத்தையே நிறுத்திவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நீங்களாவது வராமல் விடுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார். "நான் வராமல் விட்டால் அவருக்கு விளங்கிடும்."

"அவருக்கு இப்பவே விளங்கிட்டுது" என்றேன். "உங்கட கையைப் பார்த்தவர்."

அவர் காரை எடுத்தார்.

அடுத்த வாரங்களில் நான் நாடகத்தை நடத்தினேனா, இரண்டு மனிதர்களைக் கண்காணித்தேனா என்று தெரியவில்லை. பாபகூராக்காரர் தவறாமல் வந்தார். வசனத்தை எழுதியபடியே சொன்னார். என் கணவர் எழுதியபடியே நின்றார். வியர்வை மட்டும் அவருடைய சட்டைக் காலரை நனைத்தது. அந்த மண்டபத்தில் மற்றவர்கள் ஜாக்கெட்டோடு இருந்தார்கள். இடைவேளையில் எல்லோரும் வடையும் தேத்தண்ணியுமாக ஒருபக்கம் நிற்கும்போது இவர்கள் இருவரும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நிற்பார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்வார். தூரம் மாறாது.

அந்த நாட்களில் பாலர் நிலையத்தில் ஒருநாள், ஒரு சின்னப்பெண் பொம்மையைப் பார்த்து "சிட் டவுன்!" என்று அதட்டியது. என்னுடைய குரல். என்னுடைய இழுவை. நான் அந்தப் பிள்ளையிடம் அப்படி அதட்டிய ஞாபகமே எனக்கு இல்லை. பிள்ளை பொம்மையை இருத்திவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை.

விழாவுக்கு முந்திய ஞாயிறு காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பாபகூராக்காரர் நின்றார். கையில் ஏவன்டேல் சந்தையில் வாங்கிய மீனும் ஒரு கட்டு முருங்கையிலையும். விலாசத்தை நான் கொடுத்திருக்கவில்லை.

"தம்பி நிக்கிறாரோ, டீச்சர்?"

கணவர் எனக்குப் பின்னால் வந்து நின்றதை உணர்ந்தேன். "வரட்டும்" என்றார்.

முன்னறையில் இருந்தோம். வந்தவர் சோபாவின் விளிம்பில் இருந்தார். நான் தேத்தண்ணி போட எழும்பவில்லை; இவர்களைத் தனியே விட எனக்குப் பயம். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்.

கணவர்தான் தொடங்கினார். "அரிசி மில்லோ?"

"ஓம்."

"எந்தப் பக்கத்தில இருந்தனீங்கள்?"

பாபகூராக்காரர் தன்னுடைய முழங்கால்களைப் பார்த்தார். அவற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். "இதில இருந்தனான் தம்பி. உங்களைப்போலத்தான், கண்ணைக் கட்டினபடி. எத்தனை நாள் எண்டு எனக்குத் தெரியாது. விடியிறதும் தெரியாது, பொழுதுபடுறதும் தெரியாது. அந்தக் குரல் மட்டும்தான். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாப் போச்சுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர் அதிகாரமாச் சொல்லச் சொன்னியள். நான் யோசிச்சுப் பார்த்தன். என்ர வாழ்க்கையில நான் ஒருத்தரையும் அதட்டினதில்லை. அதிகாரம் எண்டால் எனக்குத் தெரிஞ்ச குரல் அது ஒண்டுதான். வாயைத் திறந்தன், அவன் வந்திட்டான்."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. என் கணவரின் தோள்கள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு இளகியது. உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. அடிபட்டவனின் வாயிலும் அடித்தவனின் மொழி இருக்கும். நான் கரும்பலகையில் எழுதிய அந்த வரி, அன்று எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தது.

எழும்பிப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அவர்கள் அதற்குள் கொஞ்சம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் அந்த ஆலையிலிருந்து திரும்பவில்லை என்பதைப் பற்றி. நான் கோப்பையை வைக்கும்போது பாபகூராக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பின்பக்கத்தில அந்தப் பச்சைக் கதவு இருந்ததெல்லோ, அதால கொண்டுபோன ஒருத்தரும் பிறகு வரேல்லை."

என் கணவர் "ம்" என்றார்.

பாபகூராக்காரர் போனபிறகு மீனைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "கண்ணைக் கட்டியிருந்தவங்கள் எண்டு சொன்னியள்."

"ஓம்."

"அவரையும் கட்டியிருந்தவங்களாம். அப்ப கதவு பச்சை எண்டு எப்பிடித் தெரியும்?"

"உள்ளுக்குக் கொண்டுவரேக்க கட்டியிருக்க மாட்டாங்கள். இல்லாட்டி விடேக்க கண்டிருப்பார்."

"அப்பிடியும் இருக்கலாம்."

"அப்பிடியும் இருக்கலாம்" என்று அவரும் சொன்னார். மீனை அன்று சமைத்தோம். மகள் மட்டும்தான் சாப்பிட்டாள்.

விழா நாள் மண்டபம் நிரம்பியிருந்தது. முழந்தாளிடும் காட்சி வந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அரசன் மெல்லிய குரலில், கெஞ்சுவதுபோல, "மண்டியிடு" என்றான். சபையில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் நின்றார். "தெய்வத்துக்கு உரியதை மனிதனுக்கு என்னால் தரமுடியாது அரசே" என்றார். வீட்டில் ஒருநாளும் கேட்காத தெளிவான குரல். கை தட்டினார்கள். பிள்ளைகள்கூடப் போனை வைத்துவிட்டுத் தட்டினார்கள். எல்லாம் முடிந்தது, தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டேன்.

கடைசிக் காட்சி பாபிலோன். காய்ச்சலில் பேச்சு இழந்து கிடக்கும் அலெக்சாந்தரைப் பார்க்கப் படைவீரர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலைக் கடந்து போவார்கள். அவன் கண்ணால் மட்டும் விடை கொடுப்பான். அதுவும் உண்மையாக நடந்தது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆள் போதாததால், ஏற்கனவே செத்துவிட்ட வரலாற்றாசிரியனும் வீரன் உடுப்பில் அந்த வரிசையில் வரவேண்டியிருந்தது. வீரர்கள் கடந்தார்கள். என் கணவர் கட்டிலருகில் வந்தபோது நின்றுவிட்டார். வரிசை அவருக்குப் பின்னால் முட்டி நின்றது. பேச்சு இழந்த அரசன் தலையைச் சற்றுத் தூக்கினான். உதடுகள் அசைந்தன. என் கணவர் குனிந்து, காதை அவன் வாயருகே வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து நடந்துபோனார்.

சபைக்கு அது மிக நன்றாகப் பிடித்திருந்தது. என்னிடம் பலர் வந்து அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

"அவர் என்ன சொன்னவர்?" என்று காரில் கேட்டேன்.

"அந்த இடத்தில வசனம் இல்லையே" என்றார்.

பிறகும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அதே பதில்தான்.

அதற்குப் பிறகு பாபகூராக்காரர் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வரச்சொன்னது என் கணவர். இரண்டு பேரும் கராஜில் பழைய கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நான் தேத்தண்ணியோடு போனால் கதை நின்றுவிடும். சில நாட்களில் நிற்பதற்குக் கதையே இருக்காது; சும்மா, அருகருகே, தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். என் கணவர் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார். முன்னைவிட நன்றாகத் தூங்கினார். நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

வருடம் பிறந்து மகள் வெலிங்டனுக்குப் படிக்கப் போனாள். அவள் போய்ச் சில நாட்களில் கணவர் சமையலறைக்கு வந்தார்.

"அவற்ற பாபகூரா வீட்டு லீஸ் வாற மாசம் முடியுதாம். எங்கட பின்னறை சும்மா கிடக்குதுதானே?"

கையில் இருந்த கரண்டியை வைத்தேன். "அவர் சொன்னதை நம்புறியளோ?"

"இல்லை."

அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பிறகேன்?"

"எங்க இருக்கிறார் எண்டு தெரிஞ்சிருந்தால் எனக்கு நித்திரை வருது."

நான் ஓம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை வருடமும் நித்திரையில் இந்த மனிதர் பல்லைக் கடிக்கிற சத்தத்தைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான்.

அவர் குடிவருகிற நாள் காலை, அறையைக் கூட்டுவதற்காகப் போனேன். கதவில் புதிதாக ஓர் இரும்புக் கொண்டி பொருத்தியிருந்தது. நல்ல கனமான கொண்டி. மரத்தூள் இன்னும் நிலத்தில் கிடந்தது. கொண்டி பொருத்தியிருந்தது கதவின் வெளிப்பக்கத்தில்.

கணவர் கராஜில் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. திருகாணி கழற்றுகிற ஆயுதத்தை எடுத்துவந்து நானே கழற்றினேன். கதவில் இரண்டு கீறல் விழுந்தது. கொண்டியைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். "இந்த வீட்டில இது வேண்டாம்" என்றேன். அவர் கொண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் ஒரு பிள்ளையின் முகம்போல் ஆனது. "நான் பூட்டியிருக்க மாட்டன்" என்றார். "சும்மா இருக்கட்டும் எண்டு."

மத்தியானம் பாபகூராக்காரர் ஒரு சூட்கேசும் ஒரு ரைஸ் குக்கருமாக வந்து இறங்கினார். கணவர்தான் போய்ச் சாமானை வாங்கினார். நான் அறையைக் காட்டினேன். அவர் உள்ளே போகமுன் வாசலில் நின்றார். கதவின் வெளிப்பக்கத்தில் திருகாணி இருந்த நாலு துளைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். புதுத் துளைகள். விரலில் ஒட்டிய மரத்தூளைப் பார்த்தார்.

"ஆர் கழட்டினது, டீச்சர்?" என்றார்.

"நான்."

அவர் தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை. சூட்கேசை உள்ளே வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தார், வாசலைப் பார்த்தபடி. அவர் வந்து மூன்று மாதமாகிறது. வாடகை ஒழுங்காகத் தருகிறார். கோப்பைகளைக் கழுவி வைக்கிறார். அந்தக் கதவை மட்டும் அவர் சாத்துவதில்லை. என் கணவரும் எங்கள் அறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. நடுவில் உள்ள நடையில் விளக்கைப் போட்டே வைத்திருக்கிறோம். காலையில் வேலைக்குப் போகும்போது நான்தான் அதை அணைக்கிறேன்.